கரிப்பின் முதல் டிரம்மர்

வருடத்தில் நாற்பத்தாறு நாள் சவரிமுத்து மாமா டிரம்ஸைத் தொடமாட்டார். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு ஸ்டிக்கையும் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவார். ஈஸ்டர் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டு எடுக்கும்போதுதான் அவை திரும்ப வெளியே வரும். நடுவில் மேசையில் விரலால்கூடத் தட்டமாட்டார். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரல் தானாகத் தாளம் போட ஆரம்பித்தால், கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். நான் கல்யாணமாகி வந்த முதல் வருடம் இதைப் பார்த்து, அவருக்குக் கையில் ஏதோ வலி என்று நினைத்தேன்.

அவர் என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜுக்கு அண்ணன். ‘கரிப்பு’ என்கிற ராக் பேண்டை மரக்காணத்தில் ஆரம்பித்தவர்களில் ஒருவர். இன்றைக்கு அந்தப் பேண்டு வந்தால் ஸ்டேடியம் நிறைகிறது. போன வருடம் ஒரு பத்திரிகையில் அதன் வரலாற்றை நாலு பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதில் மாமாவைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஆரம்ப காலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் டிரம்ஸ் வாசித்தார் என்று. பெயர் போடவில்லை. அந்த நாலு பக்கத்தில் விட்டுப்போனது எனக்குத் தெரிந்த அளவில் இது.

என் வீட்டுக்காரருக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. என் மாமியார் இன்னாசிமேரி அப்போது உப்பளத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு அன்றைக்கு வயது பத்து. தேர் பவனியில் டிரம் அடிக்கிற பிள்ளை என்று கோயில் பங்கில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பொருத்தனை செய்தார். சின்னவன் பிழைத்தால், அவன் மூச்சு இருக்கிறவரைக்கும் தவக்காலத்தில் பெரியவன் கை டிரம்மைத் தொடாது என்று.

“எங்கிட்ட நக இல்ல, நட்டு இல்ல. பெரியவன் கைதான் இருந்திச்சி. அத வெச்சிட்டேன்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பேண்டு ஆரம்பித்தது 2008இல். உபதேசியார் மகன் சார்லஸ் பாடுவார், கிடாரும் வாசிப்பார். கீழ்புத்துப்பட்டிலிருந்து தேவா பேஸ் கிடார். செல்போன் கடையில் வேலை பார்த்த சிலம்பரசன் லீட் கிடார். மாமாவையும் சேர்த்து நாலு பேர். பழகுவதற்கு இடம் இல்லாமல், புயல் பாதுகாப்பு மையத்தின் சாவியைக் கேட்டு வாங்கி அதற்குள் வாசிப்பார்கள். உப்புக்காற்றில் எல்லாம் துரு ஏறிவிடும். வாசித்து முடித்ததும் மாமா சிம்பல், ஸ்டாண்டு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் வருவார். அவர் சட்டையில் எப்போதும் அந்த எண்ணெய் வாசனை இருக்கும்.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு ‘மிதி’. அதன் தாளம் மாமா கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்லமாட்டார். “அது அளத்துல கெடந்திச்சி” என்பார். மழை முடிந்து தை மாதம் உப்பளம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று சேற்றில் மிதித்துக்கொண்டே போவார்கள். மூன்று மிதி சமமாக விழும். நாலாவது மிதிக்குக் காலைச் சேற்றிலிருந்து பிடுங்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் பிந்தித்தான் விழும். அந்தப் பிந்தல்தான் பாட்டு. அந்த இடத்தில் கேட்கிறவர்களுக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும்.

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் வாரா வாரம் வாசித்தார்கள். அங்கேயும் தவக்காலம் வந்தது. சார்லஸும் தேவாவும் அதற்கு ஒரு வழி செய்தார்கள். அந்த ஆறு வாரமும் டிரம்ஸ் இல்லாமல், கிடாரும் குரலும் மட்டும் வைத்து மெதுவாகப் பாடுவார்கள். மாமா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவார். தேவா இந்து. அவர்தான் ஜாஸ்தி கிண்டல் செய்வார்.

“டேய் சவரி, எங்க மாரியம்மன்கூட இவ்ளோ நாள் லீவு கேட்டதில்லடா.”

“ஒங்க அம்மன் கூழு கேக்குது, எங்க மாதா கை கேட்டிச்சி. வுடேன்.”

கிண்டல் செய்தாலும் அந்த நாற்பத்தாறு நாளில் வெளியூருக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று முதலில் சொல்வதும் தேவாதான். அப்படியே எட்டு ஒன்பது வருடம் போனது. ‘மிதி’ யூடியூபில் ஏறியது. கோயம்புத்தூர், பெங்களூரு என்று பெரிய மேடைகள் வந்தன. விக்டர் என்று புதுச்சேரிக்காரர் ஒருவர் மேனேஜராக வந்தார். தேதிகளை அவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

2023 டிசம்பரில் விக்டரும் சார்லஸும் காரில் வீட்டுக்கு வந்தார்கள். சென்னையில் ஒரு ஸ்டேடியம் கிடைத்திருக்கிறது, கரிப்பு மட்டும் தனியாக, முப்பதாயிரம் பேர் என்று சொன்னார்கள். தேதி மார்ச் ஒன்பது. மாமா எழுந்து போய் ஆணியில் தொங்கிய பங்கு காலண்டரைப் புரட்டினார். புது வருடத்துக் காலண்டர் அப்போதே வந்திருந்தது.

“தவசு காலமாச்சே” என்றார்.

“ஒரே ஒரு நாள்பா” என்றார் விக்டர்.

“தேதிய மாத்த முடியாதா?”

“ஸ்டேடியம் இன்னா மாமியார் வூடா, நெனச்சப்ப போயி எறங்கறதுக்கு?”

“அப்ப டிரம்ஸ் இல்லாம பண்ணுவோம். கெஸ்ட் ஹவுஸ்ல பண்ணலியா?”

விக்டர் டீயைக் கீழே வைத்தார். “முப்பதாயிரம் பேரு மிதிக்கறதுக்குத்தான்பா டிக்கெட்டு வாங்கறான். தாலாட்டு கேக்கறதுக்கு இல்ல.”

காரில் ஏறும்போது சார்லஸ், “சவரி, நாம ரெண்டு பேரும் இதுக்குத்தாண்டா ஆரம்பிச்சோம்” என்றார். மாமா தலையாட்டினார். அது உண்மை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிப்ரவரி மாதம் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தார். சாமியார் இளவயதுக்காரர். அம்மா செய்த பொருத்தனை மகனைக் கட்டாது, அப்படியே கட்டினாலும் மாற்றிக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, பன்னிரண்டு ஏழைகளுக்கு ஒருவேளை சாப்பாடு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். மாமா சீட்டியடித்துக்கொண்டே பைக்கில் வந்து இறங்கினார். அவர் சீட்டியடித்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

மாமியார் நடுவீட்டில் உட்கார்ந்து வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாமா சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

“சாமியாரு நேத்து வந்தவரு. நாளைக்கு மாத்தலாயி போய்டுவாரு. நான் மாதா கிட்ட பேசனப்ப அவரு பள்ளிக்கூடத்துலகூட சேரல” என்றார்.

என் வீட்டுக்காரர், “நீ போய் வாசிண்ணா. எனக்கு இன்னா ஆயிடப்போவுது? கல்லு மாரி இருக்கறேன்” என்றார்.

“ஒனக்கு ஒண்ணும் ஆவாது. நீ தப்பிச்சிட்ட. தோ நிக்கறாளே, அவ வயித்துல இருக்கறதுக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது நாலாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை.

“நீ இன்னாம்மா சொல்ற?” என்று மாமா கேட்டார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் என்னிடம் நேராக எதையும் கேட்டதில்லை. நானும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. போய் வாசியுங்கள் மாமா என்று சொன்னால் அவர் போயிருப்பார். மாமியாரால்கூடத் தடுத்திருக்க முடியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தால் நான் பேசவில்லை என்றுதான் வீட்டில் இன்றுவரை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் போகக் கூடாது என்று நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “சரி” என்றார்.

சார்லஸ் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. “ஒரு ஷோவுக்கு மட்டும் வேற ஆள வெச்சிக்கறோம். ஒன் சீட்டு ஒன் சீட்டுதாண்டா.” மாமா அதை நம்பினார். பங்குப் பாடகற்குழுவில் அப்படித்தான் நடக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்தவர் வாசிப்பார். காய்ச்சல் விட்டதும் அவரவர் இடத்தில் அவரவர் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தவரை எழுப்ப வேண்டி வரும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. அது மாதிரிதான் எல்லா இடமும் என்று மாமா நினைத்துவிட்டார். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. பதிலுக்கு வாசிக்க வந்தவருக்குத் தானே சொல்லிக்கொடுக்கவும் செய்தார்.

அவர் பெயர் கண்ணாயிரம். சென்னைக்காரர், மரியாதையானவர். விபூதிப் புதன் கடந்துவிட்டதால் மாமாவால் வாசித்துக் காட்ட முடியவில்லை. அவரை அளத்துக்குக் கூட்டிப்போனார். அந்த வருடம் மழை தள்ளிப்போனதில் ஒரு ஓரத்தில் இன்னும் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். அங்கே வேலையில் இருந்த மாமியாருக்கு மோர் கொண்டுபோன நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

“அண்ணா, நாலாவது லேட்டா வருது. எவ்ளோ லேட்டு?”

“சேறு வுடற வரைக்கும்.”

“அதான்ணா, எவ்ளோ? நம்பரா சொன்னா நான் மிஷின்ல போட்டுக்குவேன்.”

மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். “நம்பர் ஒண்ணும் இல்லப்பா. இன்னும் நாலு சுத்து வா, காலு சொல்லும்” என்றார். கண்ணாயிரத்துக்கு மதியம் சென்னையில் வேலை இருந்தது. கால் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் ஒன்பது சாயங்காலம் போனில் நேரடியாகக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் போனைச் சோற்றுப்பானையின் மேல் சாய்த்து வைத்தார். மாமியார் அடுத்த அறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மேடை அவ்வளவு பெரியதாக இருந்தது. சார்லஸ் ஒரு பொம்மை மாதிரி தெரிந்தார். ‘மிதி’ கடைசிப் பாட்டு. டிரம்ஸ் தொடங்கியதும் முப்பதாயிரம் பேரும் மிதிக்க ஆரம்பித்தார்கள். போனின் சின்ன ஸ்பீக்கரே அதிர்ந்தது. நாலாவது மிதி பிந்தவில்லை. மூன்றுக்கு அடுத்து நேராக விழுந்தது.

“நேரா வுட்டுட்டான்” என்றார் மாமா.

என் வீட்டுக்காரர், “நல்லா இல்லண்ணா. ஒன்னுது மாரி வரல” என்றார்.

“இல்லடா. இப்பதான் வசதியா இருக்குது. அத்தன பேரும் ஒண்ணா மிதிக்கறாங்க பாரு. என்னுதுக்கு இவங்களால மிதிச்சிருக்க முடியாது.”

அதைச் சமாதானத்துக்குச் சொன்னாரா என்று அவரைப் பார்த்தேன். இல்லை. அவர் அதைப் புரிந்துகொண்டுவிட்டார். பாட்டு முடியும்வரை கை தொடைக்கு அடியில்தான் இருந்தது.

அந்த வீடியோவைக் கோடிப் பேர் பார்த்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் மாமா விக்டருக்குப் போன் செய்தார். மேடை லைட்டு, பின்னால் ஓடுகிற படம், எல்லாவற்றையும் ஒரு கிளிக் சத்தத்தோடு கட்டிவிட்டார்களாம். டிரம்மர் காதில் அந்தக் கிளிக் ஓடும், அதற்குச் சரியாக அடித்தால்தான் லைட்டு சரியாக எரியும், பழகிக்கொள் என்று விக்டர் சொன்னார். மாமா இரண்டு மாதம் காதில் அதை மாட்டிக்கொண்டு புயல் மையத்தில் உட்கார்ந்தார். மற்றப் பாட்டெல்லாம் வந்தன. ‘மிதி’யில் மட்டும் அவர் கால் கிளிக்குக்குப் பின்னால் போய் விழுந்தது. அவரே செய்த பாட்டு அது.

ஜூன் மாதம் தேவா தனியாக ஒரு குட்டி யானை வண்டியில் வந்தார். பேண்டோடு இருந்த மாமாவின் சிம்பல்களையும் ஸ்டாண்டுகளையும் இறக்கினார்.

“சார்லஸ் வரலியா?” என்று மாமா கேட்டார்.

“வர்றதுக்கு அவனுக்கு மூஞ்சி இல்ல. எனக்கு மட்டும் இருக்குதான்னு கேக்காத.” கடைசி ஸ்டாண்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, “கண்ணாயிரத்த பர்மனென்டா போட்டுட்டாங்க. நான் சொல்லிப் பாத்தேன் சவரி” என்றார்.

“சாப்ட்டுட்டு போடா.”

தேவா சாப்பிடவில்லை.

ஜூலையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. லிடியா என்று பெயர் வைத்தோம். மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பொருத்தனை காப்பாற்றியது என்றார். அதைக் கேட்டுக்கொண்டே மாமா குழந்தையைத் தோளில் போட்டு வாசலில் நடந்துகொண்டிருப்பார். அவர் யார் மேல் கோபப்படுவது? குழந்தை நன்றாக இருந்தது. வீடு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் முகம் வாடினால் குழந்தைக்கே ஆகாது என்பதுபோல மாமியார் பார்ப்பார். அதனால் அவர் முகத்தை வாடாமல் வைத்துக்கொள்ளப் பழகினார். உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வருடம் மார்ச் மாதம், விபூதிப் புதனுக்கு முந்தின நாள், “ஸ்டிக்க எடுத்து வெச்சிட்டியாடா?” என்று மாமியார் கேட்டார். மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் படத்தைத் துடைக்கிற சாக்கில் பார்த்தேன். தலையணை உறை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. மேலே சிலந்தி கூடு கட்டியிருந்தது. முந்தின ஜூனில் தேவா வந்துபோன அன்று வைத்தது. அந்த ஈஸ்டருக்கு ‘உன்னதங்களிலே’ பாட்டுக்கு வேறு யாரோ வாசித்தார்கள். மாமா பின் வரிசையில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார்.

இந்த ஜனவரியில் சார்லஸே போன் செய்தார். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே புதுச்சேரியில் மைதானத்தில் ஷோ. “நம்ம ஊர்ப் பக்கம் வர்றோம். ‘மிதி’ மட்டும் நீ வாசி. ஒன்ன கூப்ட்டு ஒக்கார வெச்சிட்டு நான் ஜனங்ககிட்ட சொல்றேன், இவன்தான் இதச் செஞ்சவன்னு.” மாமா போனை வைத்துவிட்டு நேராகப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு உறையை எடுத்தார். பத்து நாள் லீவு போட்டு வாசித்தார். பழைய மாதிரி எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்தார். மாமியார்கூட, “வேற சட்ட போட்டுக்கினு போடா, எல்லாரும் பாப்பாங்க” என்றார். அவர் பெயரை எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று நான் தினமும் வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் எல்லோரும் கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு மதியமே போனோம். மைதானம் காலியாக இருந்தது. மாமா மேடை ஏறி உட்கார்ந்தார். கண்ணாயிரம் அவருக்கு சீட்டை இறக்கிக் கொடுத்தார், காதில் கிளிக்கை மாட்டிவிட்டார். மாமா தொடங்கினார். மூன்று, பிறகு அந்தப் பிந்தல், பிறகு நாலு. காலி மைதானத்தில் எனக்கு மூச்சு நின்றது. பின்னால் இருந்த பெரிய திரையில் படம் முன்னால் போய்விட்டது. லைட்டுகள் தப்பான இடத்தில் வெடித்தன. நிறுத்தி மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அப்படித்தான். மூன்றாவது தடவை மாமா நேராக அடிக்கப் பார்த்தார். நாலாவது எங்கே விழுவது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது.

கீழே லைட்டுக்காரர் ஒருவர், “கிளிக்குல ஒக்காரல சார், வேற ஆள் இருக்குதா?” என்று மைக்கில் கேட்டார். அவருக்கு மாமா யார் என்று தெரியாது.

சார்லஸ் மாமாவின் தோளில் கைவைத்து ஏதோ பேசினார். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து எங்களிடம், “நேரம் பத்தலியாம். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்ட்டான்” என்றார்.

இருட்டுவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. நாங்கள் மேடைக்கு இடது பக்கம் கம்பி வேலியின் ஓரத்தில் நின்றோம். குழந்தை என் இடுப்பில் இருந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் சார்லஸ் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டது எங்க மொதல் டிரம்மர், சவரிமுத்து. இங்கதான் எங்கியோ நிக்கறான். லைட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் போடு.”

கூட்டம் கத்தியது. ஒரு வெள்ளை வெளிச்சம் எங்கள் பக்கம் தேடிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர், “அண்ணா, கையத் தூக்குண்ணா” என்றார். மாமா சட்டென்று கீழே உட்கார்ந்தார். நாலு பேர் காலுக்கு நடுவில், செருப்பு மாட்டுகிறவர் மாதிரி. வெளிச்சம் அவர் தலைக்கு மேலே போய், மூன்று ஆள் தள்ளி நின்ற தாடிக்காரர் ஒருவர் மேல் நின்றது. பெரிய திரையில் அவர் முகம் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மைதானம் முழுக்கக் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பையன்கள் அவரோடு செல்ஃபி எடுக்கப் போனார்கள்.

டிரம்ஸ் தொடங்கியது. எல்லோரும் மிதிக்க ஆரம்பித்தார்கள், தரை ஆடியது. மாமா எழுந்திருக்கவில்லை. கீழே இருந்தபடியே என் புடவையைப் பிடித்து இழுத்தார். நான் குனிந்தேன்.

“பாப்பா காத மூடும்மா” என்றார். “சத்தம் ஜாஸ்தியாவும்.”